எஸ்பிளனேட் பூங்காவில் யார் பெயர் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் பூங்காவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அங்குள்ள போர் நினைவுச் சின்னங்களில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஊரிலிருந்து வருகிறவர்கள் மெர்லயன் சிங்கத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் சாலைக்கு இந்தப் பக்கமும் வாருங்கள் என்று கேட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இந்த இதழில் பதில் சொல்கிறேன். இந்த ஊர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போன இடம் இது என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

*மகன் வீட்டுக்கு வருகிறோம். ஒரு மாலைப் பொழுதுதான் கிடைக்கும். மூட்டு வலிக்காரரான என் மாமியாரும் உடன் வருகிறார். பூங்கா பெரியதா? எப்படிப் போவது? – திருச்சி வாசகி*

சின்ன இடம்தான் அம்மா. ஒரு பக்கம் கானாட் டிரைவ் சாலை, அதற்கு அப்பால் பாடாங் திடல். மறுபக்கம் எஸ்பிளனேட் டிரைவ். ஒரு முனையில் முள் முள்ளாகக் கூரை போட்ட கலையரங்கம். ஊரே அதை ‘டுரியான்’ என்றுதான் சொல்லும். மறுமுனையில் சிங்கப்பூர் ஆறும் ஆண்டர்சன் பாலமும். இவற்றுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கிற ஒரு துண்டு நிலம்தான் பூங்கா. ஏற்ற இறக்கம் இல்லை. மாமியாரை மெல்ல நடத்தியே கூட்டிப் போகலாம்.

நகர மண்டபம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்குங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் பக்கம் வெளியே வந்து பாடாங்கைச் சுற்றிக்கொண்டு நடந்தால் போதும். எஸ்பிளனேட் நிலையம் இன்னும் பக்கம். ஆனால் பாடாங் வழியாகப் போவதையே நான் விரும்புவேன். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு ‘டெல்லி சலோ’ என்று முழங்கியது அந்தப் புல்தரையில்தான். அதைக் கடந்து பூங்காவுக்குள் நுழைந்தால் பிற்பாடு பார்க்கப்போவது கூடுதலாகப் புரியும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். நண்பகலில் கல்லும் வெண்கலமும் கண்ணைக் கூசவைக்கும், எழுத்தைப் படிக்கவே முடியாது. வெயில் சாயும்போது பொறித்த எழுத்தின் பள்ளங்களில் நிழல் இறங்கும், ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரியும். பிள்ளைகளோடு போகும்போது நான் பார்த்து வைத்த நேரம் இது. ஒரு எச்சரிக்கை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் இரவுச் சுற்று இந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளில்தான் ஓடுகிறது. செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் என்றால் தடுப்பு வேலி போட்டிருப்பார்கள். மகனிடம் தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

*செனோடாஃப் என்ற கல்தூணில் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் இருப்பதாக எழுதினீர்கள். அந்தப் போருக்கு நம் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் போனார்களே, தமிழ்ப் பெயர் ஏதாவது உண்டா? – காரைக்குடி வாசகர்*

இல்லை ஐயா. அதைத் தெரிந்துகொண்டே போவது நல்லது.

அந்தத் தூணின் வெண்கலப் பலகைகளில் 124 பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் பிறந்தோ வாழ்ந்தோ, போருக்குப் போய் உயிர்விட்ட பிரிட்டிஷ்காரர்கள் அவர்கள். ரப்பர் கம்பெனியிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்த்த வாலிபர்களை அந்தக் கால சிங்கப்பூரின் ஆங்கிலேயச் சமூகம் பறிகொடுத்தது. அவர்களுக்கு அது எழுப்பிய கல் இது. 1920 நவம்பர் 15 அன்று ஆளுநர் கில்லமார்ட் அடிக்கல் நாட்டினார். பிரான்சைப் போர்க்காலத்தில் நடத்திய கிளமன்சோ அன்று அருகில் இருந்தார். இங்கே ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர்தான். 1922 மார்ச் 31 அன்று வேல்ஸ் இளவரசர் எட்வர்டு திறந்துவைத்தார். அந்தப் பயணத்தில் இளவரசரோடு கூட வந்தவர் மவுண்ட்பேட்டன். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் வரும்.

இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் அந்தப் போருக்குக் கடல் கடந்து போனார்கள். 74,000 பேர் அளவில் திரும்பவில்லை. அவர்களை நினைக்க டெல்லியில் இந்தியா கேட் இருக்கிறது. சென்னையில் கோட்டைக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டி வெற்றிப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. சென்னைக்காரர்கள் தினமும் பேருந்தில் அதைக் கடந்துதான் போகிறார்கள், ஒருநாள் இறங்கிப் பாருங்கள்.

ஆனால் செனோடாஃபின் முன்பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். படிகளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பக்கம் அது. அங்கே பெயரே கிடையாது. நாம் வாழ்வதற்காக அவர்கள் மாண்டார்கள் என்ற ஒரே ஒரு வரி. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கிலும் பொறித்திருக்கிறது. முன்பக்கம் 124 பெயரும் ஒரே இனத்தவருடையவை. பின்பக்கம் ஒரு பெயரும் இல்லை, எல்லா மொழியும் இருக்கிறது. இரண்டு போர்களுக்கு நடுவே இந்த ஊர் எப்படி மாறியது என்பதை ஒரே கல்லைச் சுற்றி வந்து பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். பாடப்புத்தகத்தில் ஒரு வாரம் நடத்தினாலும் இந்த அளவுக்கு மனதில் பதியாது.

*எங்கள் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நேதாஜியின் படையில் சேர்ந்தார். பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை. பாட்டி கைக்குழந்தையோடு ஊருக்கு வந்துவிட்டார். பூங்காவில் ஐ.என்.ஏ. நினைவிடம் இருக்கிறதாமே, தாத்தாவின் பெயர் அதில் இருக்குமா? அடுத்த மாதம் அப்பாவை அழைத்து வருகிறேன். – சிவகங்கை வாசகர்*

தம்பி, இருக்காது. அப்பாவிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். எண்பது வயதுக்கு மேல் ஆனவரை இத்தனை தூரம் கூட்டி வந்து, கல்லில் விரலை ஓட்டிப் பெயரைத் தேடவிட்டு, அதன்பிறகு சொல்லக் கூடாது.

நடந்தது இது. இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்ட முகம் தெரியாத வீரர்களுக்காக நேதாஜி 1945 ஜூலை 8 அன்று இந்த இடத்தில் அடிக்கல் நாட்டினார். தனித்தனிப் பெயர் எழுதும் எண்ணமே அப்போதும் இல்லை. இத்திஃபாக், இத்மாத், குர்பானி என்ற மூன்று சொற்களைப் பொறித்தார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். போர் அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம் அது. தெரிந்தும் அவசர அவசரமாகக் கட்டினார்கள். ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் படை ஊருக்குள் வந்தது. வந்த சூட்டோடு இந்த நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். உத்தரவு, அப்போது இந்த வட்டாரத்தின் நேசநாட்டுப் படைத் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டனுடையது. 1922-இல் செனோடாஃபைத் திறக்க வந்த இளவரசரோடு இந்த ஊருக்கு வந்தாரே, அதே மனிதர். தன் தரப்பில் இறந்தவர்களுக்குக் கல் எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அதனால்தான் எதிர்த்தரப்பின் கல்லை விட்டுவைக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு ஐம்பது ஆண்டுகள் அங்கே ஒன்றும் இல்லை. போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டான 1995-இல்தான் இங்குள்ள தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது. திறந்து வைத்த புத்தகம் மாதிரி இருக்கும். தமிழிலும் எழுதியிருக்கும். உயரமாக எதையாவது எதிர்பார்த்து நடந்தால் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள்.

என் அத்தை ஒருவர் நேதாஜி பெண்களுக்கென்று அமைத்த ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கூட உண்டு. தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியும் சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். போர் முடிந்ததும் அத்தை தோட்டத்துக்கே திரும்பிப் பழையபடி பால்மரம் சீவினார். ஹிந்துஸ்தானியில் படித்த அணிவகுப்புக் கட்டளைகளை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. நாங்கள் பிள்ளைகள் வரிசை தப்பி நடந்தால் அந்தச் சொற்களால்தான் அதட்டுவார். அவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது, கல்லில் தேடாமல் காகிதத்தில் தேடுங்கள். பாட்டி எப்போதாவது தியாகி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பில் தாத்தாவின் படைப்பிரிவு, கூட இருந்தவர்களின் சான்று எல்லாம் இருக்கும். மத்திய அரசு 1972-இல் அந்த ஓய்வூதியத்தைத் தொடங்கியபோது ஐ.என்.ஏ.காரர்களையும் சேர்த்துக்கொண்டது. பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்தவர்களின் வாய்மொழிப் பேட்டிகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அவற்றை இணையத்திலேயே தேடலாம். ஆங்கிலத்தில் தேடும்போது தாத்தாவின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பாருங்கள். தோட்டத்துக் கிராணிகள், அதாவது கணக்கு எழுதுகிறவர்கள், காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டேன். இருந்தாலும் அப்பாவை அழைத்து வாருங்கள். அவருடைய அப்பாவின் படை நின்ற திடல் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாளக் கல்லில் உள்ள தமிழை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

*தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து சிங்கப்பூரில் இறந்தவர் என்றால்? – பெயர் வேண்டாம் என்ற வேலூர் வாசகர்*

அப்படியானால் இந்தப் பூங்கா இல்லை, வடக்கே கிராஞ்சிக்குப் போக வேண்டும். 4,400-க்கு மேற்பட்ட கல்லறைகளும், உடல் கிடைக்காத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர் பொறித்த சுவர்களும் அங்கே இருக்கின்றன. இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்கள் சுவர் சுவராக ஓடும். மத முறைப்படி எரியூட்டப்பட்ட சிப்பாய்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம் உண்டு. கிளம்பும் முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்தச் சுவர், எத்தனையாவது பத்தி என்பதே கிடைத்துவிடும். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் கூட இருக்கும்.

*லிம் போ செங் சீனர். அவருடைய நினைவு மண்டபத்தில் எதற்குத் தமிழ்ப் பலகை? – கோவை வாசகர்*

அவர் யாருக்காக இறந்தார் என்பதற்கு அந்தப் பலகையே பதில் என்று எடுத்துக்கொள்ளலாம். சீனாவில் பிறந்து, பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்து வியாபாரத்தில் வளர்ந்தவர். ஜப்பானியரை எதிர்த்துப் பணம் திரட்டினார், வேலைநிறுத்தம் நடத்தினார். சிங்கப்பூர் விழுவதற்கு முன் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வெளியேறினார். இந்தியாவில் பயிற்சி பெற்று, ‘ஃபோர்ஸ் 136’ என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையின் ஆளாக மலாயாவுக்குள் திரும்பி வந்தார். 1944-இல் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். அப்போது அவருக்கு 35 வயது. சரியாகப் பத்து ஆண்டு கழித்து 1954 ஜூன் 29 அன்று இந்த நினைவு மண்டபத்தைத் திறந்தார்கள். எண்கோண வடிவம், மூன்று அடுக்கு வெண்கலக் கூரை, காவலுக்கு நான்கு சிங்கங்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் பலகைகள் நான்கு. ஆங்கிலம், சீனம், தமிழ், ஜாவி எனும் அரபு வகை எழுத்தில் மலாய்.

இதைக் கவனியுங்கள். 1954-இல் சிங்கப்பூர் தனி நாடு இல்லை, தமிழ் ஆட்சிமொழியும் இல்லை. யாரும் சட்டம் போட்டுக் கேட்காத காலத்திலேயே தமிழில் எழுதி வைத்தார்கள். இன்னும் பழையது வேண்டுமானால் ஆண்டர்சன் பாலம் இருக்கிற பக்கமாகவே கொஞ்சம் நடந்து விக்டோரியா அரங்கத்தை ஒட்டியுள்ள டல்ஹவுசி தூணைப் பாருங்கள். 1850-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வந்து போனதற்காக எழுப்பியது. அதிலும் தமிழ் இருக்கிறது. லிம் போ செங் பலகைக்கு நூறு ஆண்டு மூத்தது. ‘தமிழர்கள் இங்கே எப்போது வந்தார்கள்’ என்று கேட்கிற எல்லோரையும் நான் அந்தத் தூணின் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

*பேரப்பிள்ளைகள் படிகளில் ஏறி விளையாடலாமா? – மதுரை வாசகி*

படியில் உட்காரலாம், புல்லில் ஓடலாம். பலகைகள் மீதும் சிங்கங்கள் மீதும் ஏறவிடாதீர்கள். சாக்பீஸ், பேனா எதுவும் கையில் இருக்கவே கூடாது. 2013-இல் செனோடாஃபில் பெயின்ட் அடித்தவருக்குச் சிறைத் தண்டனையோடு பிரம்படியும் கிடைத்தது. செனோடாஃபின் ஐந்து படிகள் எதற்கு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். 1914 முதல் 1918 வரை, ஆண்டுக்கு ஒன்று. ஏறும்போது எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னால் தானாக அடங்கி நடப்பார்கள்.

*என் பாட்டியின் தம்பியை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். சிப்பாய் இல்லை, கூலி. அவருக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா? – ஈப்போ வாசகி*

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் அம்மா. அவருக்கென்று அந்தப் பூங்காவில் ஒன்றும் இல்லை.

1942-லும் 1943-லும் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டுக்குள் போட்டார்கள். அதில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அவர்களில் ஏராளம். காலராவில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள், எரித்தார்கள். ராணுவம் தன் ஆட்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருந்தது. கூலிக்காரனுக்கு யார் பட்டியல் வைத்தார்கள்? போர் நினைவிடங்களுக்குப் போகும்போதெல்லாம் என் மனம் இதைத்தான் கேட்கும். பட்டியல் இருந்தவர்களுக்கே கல்லில் பெயர் வந்தது.

பூங்காவிலிருந்து சில நிமிட நடையில், பீச் ரோடு பக்கம், குடிமக்கள் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 65 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்கள். தூரத்திலிருந்தே தெரியும். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் என்று சமூகத்துக்கு ஒரு தூண். அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 1962 முதல் சிக்லாப் பகுதியிலும் மற்ற இடங்களிலும் தோண்டும்போது கிடைத்த, ஜப்பானியர் கொன்ற பொதுமக்களின் எலும்புகளை 606 தாழிகளில் வைத்து அதன் கீழே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். கறாராகப் பார்த்தால் அது சிங்கப்பூரில் இறந்த பொதுமக்களுக்கானது. உங்கள் பாட்டியின் தம்பி சயாமில் இறந்தவர். ஆனாலும் ஆயுதம் தூக்காமல் அதே ஆட்சியில் செத்த நம்மவர்களுக்காக நிற்கிற தூண் ஒன்று அங்கே இருக்கிறது. நீங்கள் சிங்கப்பூர் வரும்போது அங்கே போங்கள். அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், பிடித்துக்கொண்டு போன ஆண்டு, பாட்டி சொன்ன எல்லாவற்றையும் அதற்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாட்டி இருந்தால் பேசவைத்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

*நினைவிடங்களில் பூ வைக்கலாமா? கற்பூரம் ஏற்றலாமா? எந்த நாள் விசேஷம்? – சென்னை வாசகர்*

பூ வைக்கலாம், பிளாஸ்டிக் உறையைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். கற்பூரம், அகல் எதுவும் வேண்டாம், பொதுப் பூங்காவில் தீ கூடாது. நாள் என்று கேட்டால் பிப்ரவரி 15. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த நாள். குடிமக்கள் போர் நினைவுச் சின்னத்தில் ஆண்டுதோறும் அன்று அஞ்சலி நிகழ்ச்சி நடக்கும். மாலை 6:20 மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கு ஒலிக்கும், ஊருக்குப் புதியவர்கள் பயந்துவிட வேண்டாம். அன்றைக்கு எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போகிறவர்கள் செனோடாஃபின் பின்பக்கத் தமிழ் வரியையும் லிம் போ செங் பலகையையும் ஒரு படம் எடுத்து, எழுத்து மங்காமல் படிக்க முடிகிறதா என்று எனக்கு எழுதுங்கள். மங்கியிருந்தால் உரிய இடத்துக்கு நான் கடிதம் போடுகிறேன்.